லிங்குவா பிராங்கா: இணைப்புமொழி

வெவ்வேறு தாய்மொழியினர் தமக்குள் பேசிக்கொள்வதற்குக் கைக்கொள்ளும் மொழியை மொழியியலார் ‘லிங்குவா பிராங்கா’ என்பர். இலங்கை மலையகத்தின் சுற்றுலாத் தலமான எல்லவுக்கு வரும் ஜெர்மானியப் பயணியும் அவரை ஏற்றிச்செல்லும் முச்சக்கரவண்டிச் சாரதியான தமிழ் இளைஞரும் வழியையும் வாடகையையும் ஆங்கிலத்திலேயே பேசி முடிக்கின்றனர். இருவருக்கும் அது தாய்மொழியன்று. அங்கே ஆங்கிலம் ஆற்றும் பணிக்குத்தான் இப்பெயர்.

தொடக்கத்தில் இது ஒரு தனிமொழியின் பெயராக இருந்தது. ‘பிராங்கியரின் மொழி’ என்பது அதன் நேர்ப்பொருள். அரபியரும் கிரேக்கரும் மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் பிராங்கியர் என்றே அழைத்தமையால், மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் வணிகரும் மாலுமிகளும் பேசிய கலப்புமொழிக்கு அப்பெயர் அமைந்தது. இத்தாலியச் சொற்களே அதன் அடிப்படை. ஸ்பானிய, அரபு, துருக்கிச் சொற்களும் அதில் கலந்திருந்தன. பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைக் கைப்பற்றிய 1830ஆம் ஆண்டில் மார்செய் நகரில் அதற்கோர் அகராதியும் அச்சாயிற்று. பின்னர் அம்மொழி மறைந்தது. பெயர் மட்டும் பொதுச்சொல்லாக நிலைத்தது. இலங்கையில் ஐரோப்பிய வழிவந்த பேகர் இனத்தவரை நாம் பறங்கியர் என்கிறோமே, அச்சொல்லும் பிராங்கியர் என்னும் அதே வேரிலிருந்து பாரசீகம், அரபு வழியாக வந்ததுதான்.

மலையகத்தாருக்கு இக்கருத்து புதிதன்று. பிரித்தானியர் காலத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமாரும் தோட்டத்தில் வேலை வாங்குவதற்குத் தமிழ் கற்க வேண்டியிருந்தது. தொழிலாளரை வேலைக்குப் பிரித்தனுப்பும் பிரட்டுக்களத்தில் துரை பேசிய தமிழ் இலக்கண வழுக்கள் நிறைந்ததாயினும் வேலை நடந்தது. அங்கே தமிழே இணைப்பாக நின்றது என்பதை நம் வரலாற்று நூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தை இந்நோக்கில் ஆராய்ந்தவர்களுள் ஜெனிபர் ஜென்கின்ஸ், பார்பரா சைடல்ஹோபர் ஆகியோர் முதன்மையானவர்கள். ஜென்கின்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தாய்மொழியாளர் அல்லாதோர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதற்கு எவ்வொலிகள் இன்றியமையாதவை என்று வரையறுத்தார். ‘திங்க்’ என்பதில் நாவைப் பற்களுக்கிடையே வைத்து எழுப்பும் ஒலி அப்பட்டியலில் இல்லை. உயிரொலிகளின் நீட்டம் உண்டு. குறிலையும் நெடிலையும் பிரித்தறிந்தே வளரும் நமக்கு அது பெரும்பேறு. படர்க்கை ஒருமை வினையின் ஈற்று ‘ஸ்’ விடுபடுவதும் இத்தகைய உரையாடலில் பொதுவாகப் பொருளைக் கெடுப்பதில்லை என்று சைடல்ஹோபர் காட்டினார். தேர்வுத்தாளில் அது பிழையே. ஆனால் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டும் இளைஞர், கொழுந்து வாடி, அரைபட்டு, நொதித்துத் தூளாகும் வகையைச் சீனப் பயணிக்கு விளங்கச் சொல்லிவிட்டால், அவருடைய ஆங்கிலம் தன் பணியை முழுமையாகச் செய்துவிட்டது. அவரை ‘அரைகுறை ஆங்கிலம்’ பேசுபவர் என்பது அநீதி.

இனித் தமிழ்ச்சொல். ‘பொதுமொழி’ என்பது பலர் கையாளும் சொல்லாயினும், வட்டார வழக்குகளுக்கு மேற்பட்ட பொதுவழக்கையும் அது குறிப்பதால் மயக்கம் தரும். ‘தொடர்புமொழி’ பொருந்தும், ஆயினும் எம்மொழியும் தொடர்புக்கு உரியதே என்பதால் அதில் கூர்மை குறைவு. ‘உலகமொழி’ பரப்பைச் சொல்கிறதேயன்றிப் பணியைச் சொல்லவில்லை. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகி ஆங்கிலம் இணைப்பு மொழியாக்கப்பட்டதிலிருந்து, இலங்கைத் தமிழர் அச்சொல்லை நன்கறிவர். சட்டம் அதனை ஆங்கிலத்துக்கு மட்டும் வழங்கியிருந்தாலும், கலைச்சொல்லாக அதனை எம்மொழிக்கும் ஆளலாம். ஆகவே லிங்குவா பிராங்காவை ‘இணைப்புமொழி’ என்றும், அந்நிலையில் வழங்கும் ஆங்கிலத்தை ‘இணைப்புமொழி ஆங்கிலம்’ என்றும் எழுதுவதே தக்கது.