அஃபேசியா: பேச்சிழப்பா, மொழியிழப்பா?

பக்கவாதம் வந்தவரின் மருத்துவக் குறிப்பில் ‘அஃபேசியா’ என்று இருந்தால், நாக்கு இழுத்துக்கொண்டதாக வீட்டார் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நாக்கும் உதடும் வலுவிழந்து வாய் குழறுவது வேறு. அதற்கு ‘டிசார்த்ரியா’ என்று பெயர். அஃபேசியாவில் அடிபடுவது, மொழியைக் கையாளும் மூளைப் பகுதி. பெரும்பாலோருக்கு அது இடப்பக்கம் இருக்கிறது.

சொல் கிரேக்கம். ‘அ’ இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு; ‘ஃபாசிஸ்’ என்றால் பேச்சு. இதை 1864இல் மருத்துவத்தில் நிலைநிறுத்தியவர் பாரிஸ் மருத்துவர் அர்மான் துரூசோ. அதற்கு முன்பே பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா இந்நிலைக்கு ‘அஃபெமியா’ என்று பெயரிட்டிருந்தார், அது நிற்கவில்லை.

புரோக்காவிடம் 1861 ஏப்ரலில் வந்த நோயாளி லெபோர்ன். பாரிஸை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனையில் நெடுங்காலம் இருந்தவர். எதைக் கேட்டாலும் ‘தான், தான்’ என்ற பொருளற்ற ஒலியையே எழுப்புவார். கோபம் மிகுந்தால் மட்டும் ஒரு வசவு வெளிப்படும். ஆனால், எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதும், ஐந்து விரல்களை நான்கு முறை விரித்து, பிறகு ஒரு விரலைக் காட்டினார். இருபத்தொன்று, சரியான விடை. கேட்பதும் எண்ணுவதும் அவருக்கு இயன்றன, சொல் மட்டும் வரவில்லை. சில நாட்களில் அவர் இறந்ததும் புரோக்கா மூளையை ஆராய்ந்தார். இடப்பக்க முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது.

1874இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கெ இதற்கு நேர்மாறான நோயாளிகளை விவரித்தார். அவர்கள் தடையின்றிப் பேசினார்கள். பேச்சில் பொருள் இல்லை, பிறர் பேசுவதும் விளங்கவில்லை. சேதம் இடப்பக்கப் பொட்டுமடலின், அதாவது நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளை மடலின், பின்பகுதியில் இருந்தது.

எங்கே கெட்டது, எது போயிற்று என்று பொருத்திப் பார்க்கும் இந்த முறை வலிமையானது. ஆனால் பக்கவாதம் ஒரு பகுதியோடு நின்றுவிடுவதில்லை. புரோக்கா அந்த மூளையை அறுக்காமல் பாதுகாத்தது நம் நல்வினை. 2007இல் அதை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தபோது, மேற்பரப்பில் கண்டதைவிடச் சிதைவு மிக ஆழத்தில், பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் வரை சென்றிருந்தது. உயிரோடிருப்பவர் பேசும்போது எங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது என்பதையும் இன்று படம்பிடிக்கலாம். அது எந்தப் பகுதி ஈடுபடுகிறது என்று காட்டும். அப்பகுதி இல்லாமல் முடியாதா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல இன்றும் சேதத்தின் சான்று வேண்டும்.

தமிழில் ‘பேச்சிழப்பு’ என்று எழுதுகிறார்கள். வெர்னிக்கெயின் நோயாளிகள் ஓயாமல் பேசியவர்கள். அவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? ‘மொழியிழப்பு’ என்பதே என் தேர்வு. கிரேக்க முன்னொட்டை அப்படியே பெயர்த்தால் ‘மொழியின்மை’ ஆகும். அது பிறவியிலேயே இல்லாததையும் குறித்துவிடும். இருந்து போனதைச் சொல்ல ‘இழப்பு’தான் வேண்டும். ‘ஊமை’ என்பதை இங்கே எவரும் எழுதக் கூடாது. அது தவறு மட்டுமன்று, புண்படுத்துவதும் கூட.

பெயர் சரியாக இருந்தால் வீட்டாருக்கும் ஒரு வழி தெரியும். பேச முடியாதவர் எழுதிக் காட்டட்டும் என்று தாளையும் பேனாவையும் நீட்டுகிறார்கள். பல நேரங்களில் எழுத்தும் சேர்ந்தே போயிருக்கும். படங்களைக் காட்டிக் கேட்பது, ஆம் இல்லை என்று தலையசைத்தால் போதும்படியான சிறு கேள்விகளைக் கேட்பது, விடைக்குப் பொறுமையாகக் காத்திருப்பது ஆகியவையே பயன்படும்.