மிக்கி மவுஸை இனி யார் வேண்டுமானாலும் வரையலாமா?

தாராளமாக வரையலாம். ஆனால் எந்த மிக்கியை என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

அமெரிக்கச் சட்டப்படி, 1978க்கு முன் வெளியான படைப்புகளுக்குப் பதிப்புரிமை அதிகபட்சம் 95 ஆண்டுகள். 75 ஆண்டாக இருந்ததை 1998இல்தான் இப்படி நீட்டினார்கள். நீட்டச் சொல்லி முயன்றவர்களில் டிஸ்னியும் உண்டு. கெடு முடிந்த மறு ஜனவரி 1 அன்று படைப்பு பொதுவுடைமை. 1928இல் வந்த மிக்கியின் ‘ஸ்டீம்போட் வில்லி’ படம் 2024இல் அப்படி வெளியே வந்தது. அதைத் திரையிடலாம், வெட்டி ஒட்டலாம், கதையை மாற்றலாம், விற்றுக் காசும் பார்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் வெளியே வந்தது அந்தப் படத்தில் இருக்கிற மிக்கி மட்டும்தான்: கறுப்பு வெள்ளை, வெறுங்கை, மெல்லிய நீண்ட வால். வெள்ளைக் கையுறை 1929இல்தான் கைக்கு வந்தது. எனவே அது 2025 வரை காத்திருந்தது. 1940இன் ‘ஃபாண்டேசியா’ படத்தில் சிவப்பு அங்கியும் நீலக் கூம்புத் தொப்பியுமாக வரும் மந்திரவாதி மிக்கிக்கு 2035 முடியும்வரை உரிமை இருக்கிறது. வின்னி த பூ என்ற கரடியின் கதையும் இதேதான். கரடியின் புத்தகம் 1926இல் வந்ததால் 2022இலேயே பொதுவுடைமை. 1928 புத்தகத்தில் அறிமுகமான டிக்கர் புலிக்கோ 2024 வரை பூட்டு.

சரி, அப்புறம் வணிகச் சின்னம் (டிரேட்மார்க்), அதாவது சரக்கு யாருடையது என்று காட்டும் பெயரோ படமோ. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வியாபாரத்தில் பயன்படுத்திக்கொண்டு, 10 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துவந்தால் இதற்கு முடிவே கிடையாது. இங்கே முக்கியமாகக் கேட்கப்படும் கேள்வி: பார்க்கிறவர் இதை டிஸ்னியின் தயாரிப்பு என்று நம்பிவிடுவாரா? ‘ஸ்டீம்போட் வில்லி’யில் மிக்கி விசிலடித்தபடி கப்பல் ஓட்டும் காட்சியை டிஸ்னியின் அனிமேஷன் நிறுவனம் 2007 முதல் தன் படங்களின் தொடக்கத்தில் முத்திரையாகக் காட்டிவருகிறது. அதே காட்சியை உங்கள் கதைக்குள் வைப்பது வேறு. உங்கள் நிறுவனத்தின் லோகோவாக வைப்பது வேறு. இரண்டாவது, வம்பை விலைகொடுத்து வாங்குவது. அட்டையில் உங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டு, டிஸ்னிக்குத் தொடர்பில்லை என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. முழுக் கவசம் ஆகாது, ஆனாலும் உதவும்.

அதற்காகப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். முடிந்துபோன பதிப்புரிமையை வணிகச் சின்னச் சட்டத்தைக் காட்டிக் காலமெல்லாம் இழுக்க, டாஸ்டார் என்ற நிறுவனத்தின் வழக்கில் 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை.

இவ்வளவும் அமெரிக்கக் கணக்கு. இந்தியாவில் எழுத்துக்கு ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. எங்கே விற்கப் போகிறீர்களோ, அந்த நாட்டின் கெடுவைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.