உடல்பருமன் அறுவை சிகிச்சையும் காப்பீடும்: நாள் குறிக்கும் முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

எடையைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கும் உடல்பருமன் அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டில் பணம் கிடைக்கவே கிடைக்காது என்று இன்றும் பல முகவர்கள் கூசாமல் சொல்கிறார்கள். அது பழைய கதை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், எந்தெந்த நிபந்தனைகள் நிறைவேறாதபோது இந்த அறுவையின் செலவை நிறுவனம் மறுக்கலாம் என்பது எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பாலிசி ஆவணத்தின் விலக்குகள் பகுதியில் 06 என்ற குறியீட்டின் கீழ் அதைக் காணலாம். மருத்துவரின் ஆலோசனைப்படி அறுவை நடக்க வேண்டும். அது மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டிருக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உடல் நிறை குறியீட்டெண்ணான பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35-க்குக் குறையாமல் இருந்து கூடவே குறிப்பிட்ட நான்கு நோய்களில் ஒன்று இருக்க வேண்டும். படிப்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. மறுப்புக் கடிதங்கள் பலவும் இந்தக் கடைசி நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். 40, 35 என்ற வரம்புகள் 1991-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டவை. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வந்துவிடுவதால், இங்குள்ள அறுவை மருத்துவர்கள் 37.5 என்றும், இணைநோய் இருந்தால் 32.5 என்றும் வரம்பைத் தாழ்த்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2022-இல் வந்த சர்வதேசப் பரிந்துரை ஆசியர்களுக்கு 27.5 வரை இறங்கிவிட்டது. காப்பீட்டு விதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே, "உங்களுக்கு அறுவை தேவை" என்று மருத்துவர் சொல்வதும், "உங்களுக்குத் தகுதி இல்லை" என்று நிறுவனம் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். உங்கள் பிஎம்ஐ 36 ஆக இருந்து, அந்த நான்கு நோய்களில் எதுவும் இல்லையென்றால், மருத்துவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் பணத்தைக் கையிலிருந்து போட வேண்டிவரும் என்று எண்ணியே முடிவெடுங்கள்.

அளவெடுப்பதில் நடக்கும் அலட்சியம் இன்னொரு கொடுமை. 160 செ.மீ. உயரமும் 103 கிலோ எடையும் உள்ள ஒருவரின் பிஎம்ஐ 40.2. அவரையே செருப்போடு நிற்கவைத்து 162 செ.மீ. என்று ஒரு செவிலியர் குறித்துவிட்டால் அது 39.2 ஆகிவிடும், கோரிக்கையும் அங்கேயே விழுந்துவிடும். இதைவிட மோசமானது, அறுவைக்கு முந்தைய உணவுக் கட்டுப்பாட்டால் வரும் சிக்கல். கல்லீரலைச் சுருக்குவதற்காகப் பொதுவாக இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். சொன்னபடி கேட்டு நடக்கும் நோயாளிக்கு நான்கு கிலோ குறையும். மருத்துவமனைச் சேர்க்கைத் தாளில் 99 கிலோ என்று எழுதப்படும். அதன் பிஎம்ஐ 39-க்கும் கீழே. மருத்துவர் சொன்னதைக் கடைப்பிடித்ததற்குத் தண்டனை! எனவே, அந்த உணவுமுறையைத் தொடங்கும் முன்பே, செருப்பில்லாமல் எடுத்த உயரம், எடை, பிஎம்ஐ, தேதி நான்கையும் அறுவை மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையுமாக எழுதி வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக்கான விண்ணப்பத்தையும் அப்போதே அனுப்பச் சொல்லுங்கள். பின்னர் குறைந்த எடை, அறுவைக்கான தயாரிப்பால் குறைந்தது என்று சேர்க்கைத் தாளில் ஒரு வரி இருந்தால் நல்லது.

பிஎம்ஐ 35-க்கும் 40-க்கும் இடையில் இருப்பவர்களுக்கான நான்கு நோய்கள் இவை: உடல்பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் கடுமையான நிலை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். மூட்டுத் தேய்மானம், பெண்களுக்கு வரும் சினைப்பைக் கோளாறான பிசிஓஎஸ், கொழுப்புக் கல்லீரல், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. முட்டிவலியால் படி ஏற முடியாதவர் தனக்குத் தகுதி இருக்கிறது என்றுதான் நம்புவார். விதியோ அவரைக் கண்டுகொள்வதே இல்லை. பட்டியலில் உள்ள நோய் இருந்தாலும் வெறும் பெயர் போதாது. குறட்டை என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். தூக்கப் பரிசோதனை அறிக்கையில் "கடுமையான" என்ற சொல் இருக்க வேண்டும். சர்க்கரைக்கு, மருந்து சாப்பிட்டும் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவு) குறையவில்லை என்று காட்டும் பல மாத அறிக்கைகள் வேண்டும்.

இந்தப் பிரிவினருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அறுவை அல்லாத வழிகளில் முயன்று தோற்றிருக்க வேண்டும். பத்து ஆண்டுகளாகப் பட்டினி கிடந்தவர்கள், நடையாய் நடந்தவர்கள், கொள்ளுக் கஞ்சியே குடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கெல்லாம் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாத முயற்சியை அலுவலகம் முயற்சியாகவே கருதாது. அறுவையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய அன்றே ஒரு பொது மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் முறையாகச் சென்று, ஒவ்வொரு முறையும் எடை குறித்த புறநோயாளிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பாலிசி எடுத்தபோது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தையும் தேடி எடுத்துப் பாருங்கள். அதை முகவர் நிரப்பியிருப்பார்; பிரீமியம் ஏறாமல் இருக்க எடையைக் குறைத்து எழுதியிருப்பார்; கையெழுத்து உங்களுடையது. பின்னாளில் உண்மையை மறைத்ததாகச் சொல்லிக் கோரிக்கையை மட்டுமல்ல, பாலிசியையே ரத்து செய்வார்கள். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடியை நிரூபித்தால் ஒழிய இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. அதற்கு முன்பே தவறு தெரிந்தால், எழுத்து மூலம் திருத்தக் கோருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்தும் அவற்றுக்குப் பணம் கிடைக்காத காலம், 36 மாதம் வரை இருக்கலாம். இந்த அறுவைக்கென்றே தனிக் காத்திருப்பும் தனி உச்சவரம்பும் வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு. அட்டையில் பத்து லட்சம் என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அலுவலகக் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் காத்திருப்பு இருக்காது, ஆனால் வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

அடுத்தது மருத்துவமனையின் காப்பீட்டு மேசை. மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் ரொக்கமில்லா அனுமதி குறித்து ஒரு மணி நேரத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-இல் ஆணையம் உத்தரவிட்டது. நடைமுறையில், "கேள்வி வந்திருக்கிறது" என்ற ஒற்றை வாக்கியத்தால் அந்த மணி நேரத்தை நாட்கணக்கில் நீட்டிவிடுகிறார்கள். என்ன கேள்வி, என்று வந்தது, என்ன பதில் அனுப்பப்பட்டது என்பதைக் கேட்டுப் பிரதி வாங்குங்கள். பாதி நேரம் கேள்வி மேசையிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். ரொக்கமில்லா வசதியை மறுப்பது கோரிக்கையையே மறுப்பதாகாது. கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னர் பணம் கோரலாம். மதிப்பீட்டுச் சீட்டில், இரைப்பையை வெட்டித் தைக்கும் கருவியில் பொருத்தும் ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ்கள் எந்தத் தலைப்பில் வருகின்றன என்பதையும் கேளுங்கள். இந்த அறுவையில் அவை பெரிய தொகை. நுகர்பொருள் என்று தள்ளிவிட்டால் சுமை உங்கள் தலையில் விழும். வரம்பைத் தாண்டிய வாடகையுள்ள அறையை எடுத்தால், அறுவைக் கட்டணம் உட்படப் பலவற்றையும் அதே விகிதத்தில் வெட்டும் பாலிசிகளும் உண்டு.

அறுவைக்குப் பிறகான வாழ்க்கைக்குக் காப்பீடு ஏறத்தாழக் கைவிரித்துவிடும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் அவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் வாழ்நாள் முழுவதும் தேவை. மருத்துவமனை வாசத்துக்குப் பிந்தைய செலவுக்கென்று பாலிசி தரும் குறுகிய காலத்தில் மட்டும், மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், மாத்திரைக்குப் பணம் கேட்கலாம். ஆகவே வெளியேறும்போது அவற்றின் பெயர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கட்டும். அதன்பின் எல்லாம் வீட்டுச் செலவுதான். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. சோற்றை மையமாக வைத்த நம் தட்டில் முட்டை, பருப்பு, பனீர், மீன் ஆகியவற்றை முதலில் உண்டு, இடமிருந்தால் சோறு என்று வரிசையையே மாற்ற வேண்டியிருக்கும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கல் உருவாவது உண்டு. புதிய பாலிசியில் அதற்கும் காத்திருப்புக் காலம் இருக்கும். தொங்கும் தோலை அகற்றுவது அழகு சிகிச்சை என்று மறுக்கப்படும். புண், தொற்று போன்ற நேரடி ஆபத்து இருப்பதாக மருத்துவர் சான்றளித்தால் மட்டுமே வாதாட இடமுண்டு.

மறுப்பு வந்தால், வாய்மொழியாக ஏற்காதீர்கள். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) ஓராண்டுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. முறையீட்டோடு மறுப்புக் கடிதம், உணவுக் கட்டுப்பாட்டுக்கு முந்தைய எடைச் சான்று, பழைய புறநோயாளிச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை மட்டும் இணையுங்கள். அசலை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.