மாடில சோலார் போடறதுக்கு முன்னாடி ஈபி கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க

மத்திய அரசோட பிஎம் சூர்யகர் திட்டம் 2024 பிப்ரவரில வந்துச்சு. வீட்டு மாடில சோலார் போட்டா 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபா மானியம், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3ம் அதுக்கு மேல எவ்ளோ போட்டாலும் 78,000, அவ்ளோதான். 2026-27 நிதியாண்டு வரைக்கும்னு அறிவிச்சிருக்காங்க. நல்ல திட்டம்தான், 3 கிலோவாட் போட்டா வருஷத்துக்கு சுமார் 3 டன் கார்பன் புகை குறையும். ஆனா அலையறது யாருன்னு பார்த்தா எப்பவும் விவரம் தெரியாத ஜனங்கதான்.

இந்த திட்டத்துல மாசம் 300 யூனிட் இலவசம்னு கேட்டுட்டு, தமிழ்நாட்ல இலவச யூனிட்ட பில்லுல கழிக்கற மாதிரி இதையும் பில்லுல கழிப்பாங்கன்னு நெனைச்சுடாதீங்க. அரசாங்கம் யூனிட் எதுவும் குடுக்கல, உங்க பேனல் எடுக்கற கரண்டுதான் அந்த இலவசம். 1 கிலோவாட் ஒரு நாளைக்கு நாலு யூனிட் கிட்ட குடுக்கும், அதுவும் தென்னமர நிழல் விழாம இருந்தா. ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்குள்ள ஓட்டற வீடுன்னா கடன் வாங்கி இத போடாதீங்க, ஃபேன மட்டும் கரண்ட் கம்மியா இழுக்கற பிஎல்டிசி ஃபேனுக்கு மாத்துங்க போதும். 500 யூனிட்ட தாண்டி ஸ்லாப் மாறி பில் எகிறுற வீட்டுக்குத்தான் இது நெஜமாவே உதவும்.

இப்ப பேர் விஷயம். விண்ணப்பம், நெட் மீட்டர் (நீங்க ஈபிலேர்ந்து எடுக்கற கரண்டையும் உங்க பேனல்லேர்ந்து வெளிய போற கரண்டையும் தனித்தனியா கணக்கு போடற மீட்டர்), மானியம் எல்லாமே கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான் ஓடும். நம்ம ஊர்ல பாதி வீட்டு கனெக்‌ஷன் இன்னும் செத்துப்போன தாத்தா பேர்லயோ மாமனார் பேர்லயோதான் இருக்கு. எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா, புருஷன் இல்லாதவங்க, வெண்டர் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னத நம்பி அட்வான்ஸ் குடுத்துட்டாங்க, அப்புறம் மாமனார் பேர்ல இருந்த கனெக்‌ஷன மாத்த வாரிசு சான்றிதழ் வேணும்னாங்க, அதுக்கு தாலுகா ஆபீஸ், அங்கேர்ந்து விஏஓ, மத்த வாரிசுங்க கையெழுத்துக்கு நாத்தனார் வீடு, திரும்ப ஈபி ஆபீஸ் போனா சொத்துவரி ரசீது உங்க பேர்ல இல்லையேன்னு மறுபடி திருப்பி அனுப்பினாங்க. என்னென்ன வேணும்னு முதல் நாளே ஒரே காயிதத்துல எழுதி குடுத்திருந்தா என்ன கொறைஞ்சு போயிடும்? அதனால பெயர் மாற்றம் முடியாம ஒரு ரூபா கூட யாருக்கும் குடுக்காதீங்க. ஈபில இருக்கற பேரும் பேங்க் பாஸ்புக் பேரும் இனிஷியல் உட்பட ஒண்ணா இருக்கணும், இல்லன்னா கடைசில மானியம் வரும்போது மாட்டும்.

கீழ கடை, மேல வீடுன்னா வீட்டு டேரிஃப் கனெக்‌ஷனுக்கு மட்டும்தான் மானியம். அபார்ட்மெண்ட்னா மாடி எல்லாருக்கும் பொது, அசோசியேஷன் கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு அப்புறம் பேசுங்க. வாடகை வீடுன்னா ஓனர்தான் போடணும்.

பதிவு பண்ண காசு கிடையாது. கடைசில ஜிஓவி டாட் இன்னு முடியற அரசாங்க சைட்ல மட்டும் பதிவு பண்ணுங்க, பதிவு ஃபீஸ்னு ஜிபேல கேக்கறவன் ஏமாத்தறவன்தான். வெண்டர் அந்த சைட் லிஸ்ட்ல இருக்கற ஆளா இருக்கணும். பேனல் உள்நாட்டு செல்லுல செஞ்ச டிசிஆர் பேனலா இருக்கணும், வேற பேனல் விலை கம்மின்னு போட்டுட்டு போயிடுவாங்க, மானியம் வராது. கொட்டேஷன்லயே டிசிஆர்னு எழுதி வாங்குங்க, சீரியல் நம்பர ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க. "மானியம் கழிச்சு குடுத்தா போதும்"னு யாராவது சொன்னா உஷாரா இருங்க, மானியம் உங்க அக்கவுண்ட்டுக்கு நேரா வரது, அதுவும் வேலை முடிஞ்சு ஈபி ஆளு வந்து பாத்து ரிப்போர்ட் ஏத்தின அப்புறம்தான். அதுவரைக்கும் முழு பணமும் உங்க கையிலேர்ந்தோ லோன்லேர்ந்தோதான் போகணும்.

அதிகம் இழுக்கறது நெட் மீட்டர். பேனல் மாட்டியாச்சு, மீட்டர் ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்கம்பாங்க. அதுக்குள்ள வெண்டர் ஆன் பண்ணிக்கலாம்பான், பண்ணாதீங்க, பழைய மீட்டர் வெளிய போற கரண்டையும் நீங்க செலவு பண்ணதா கணக்கு போட்டு பில்ல ஏத்த வாய்ப்பிருக்கு. வெண்டருக்கு ஒரு பங்கு பணத்த நெட் மீட்டர் மாட்டற வரைக்கும் நிறுத்தி வைங்க, அப்பதான் அவன் உங்களுக்காக ஈபி ஆபீஸ் போவான். நீங்க போனா வாயால கேக்காதீங்க, கடிதமா குடுத்து நகல்ல தேதி போட்டு சீல் வாங்குங்க.

கரண்ட் கட் ஆனா இந்த சோலாரும் நின்னுடும், லைன்ல வேலை பாக்கற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு இன்வெர்ட்டர் தானா ஆஃப் ஆகிடும். பவர் கட்டுக்கு உதவும்னு சொல்லி விக்கறவங்க கிட்ட பேட்டரி இதுல சேர்த்தியான்னு கேளுங்க. அஞ்சு வருஷ பராமரிப்பு வெண்டர் பொறுப்பு, அக்ரிமெண்ட்ல அந்த வரி இருக்கான்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.