மோட்டாரைக் கழற்றும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

"அண்ணே, காயில் போயிருச்சு போல, வந்து கழற்றிட்டுப் போங்க" என்றுதான் எனக்குப் பாதி அழைப்புகள் வரும். மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று கடலோர வீடுகளில் பம்பு வேலை பார்க்கிறவன் நான். போய்ப் பார்த்தால் காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று, நன்றாகத்தான் இருக்கும். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டார் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, கோளாறு சக்சன் பக்கம், அதாவது கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் பைப் பக்கம்.

மெயினை அணைத்துவிட்டு, பம்பின் தலையில் தண்ணீர் ஊற்றுகிற மூடியைத் திறந்து வழிய வழிய ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தால் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. நம் பக்கம் உறைக்கிணறெல்லாம் மணல்தானே, ஒரு சிப்பித் துணுக்கு வால்வு வாயில் மாட்டினால் போதும், ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் கீழே இறங்கி விடிந்தால் பைப் காலி. பைப்போடு மேலே தூக்கிக் கழுவுங்கள், உள்ளே ரப்பர் கிழிந்திருந்தால் புது வால்வு போடுங்கள். அதற்காக மூடிக் கிடக்கும் கிணற்றுக்குள் யாரையும் இறக்க வேண்டாம், காற்றில்லாமல் மயங்கி விழுந்தால் தூக்கப் போகிறவரும் சேர்ந்து விழுவார். திரும்ப இறக்கும்போது வால்வு கிணற்றின் அடித்தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி மேலே நிற்கட்டும். தரையில் உட்கார்ந்தால் மணலை அள்ளும், பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மணல் தின்றுவிடும்.

ஊற்றிய தண்ணீர் நிற்கிறது, ஆனால் மோட்டார் போட்டால் புஸ் புஸ்ஸென்று காற்றும் தண்ணீருமாகத் துப்புகிறது என்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது. இதைக் கண்டுபிடிப்பதுதான் தொந்தரவு, ஏனென்றால் சக்சன் பைப்பில் இருக்கும் கீறல் ஓடும்போது வெளியே சொட்டாது, காற்றை உள்ளே உறிஞ்சும். சோப்பு நுரையை ஒவ்வொரு ஜாயின்டிலும் தடவிவிட்டு ஓடவிடுங்கள் (வயர் பக்கம் ஈரக்கை போகக் கூடாது), நுரை எந்த இடத்தில் உள்ளே போகிறதோ அங்கேதான். வெயிலில் வெளுத்துப்போன பிவிசி எல்போவை முதலில் பாருங்கள்.

அப்புறம், மேலே உட்காருகிற மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) எத்தனை எச்.பி. ஆனாலும் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை இழுக்கும் என்று நம்பாதீர்கள். பம்பு உள்ளே வெற்றிடம்தான் உண்டாக்குகிறது, தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. கணக்குப்படி அதன் எல்லையே சுமார் 34 அடிதான்.

மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிஜமாகவே காயில் எரியும். மெயினை அணைத்து, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் மோட்டாரைச் சுற்றக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பழையதில் எத்தனை மைக்ரோஃபாரட் போட்டிருக்கிறதோ அதே அளவில் மாற்ற வேண்டும், கூட்டிப் போட்டால் நன்றாக இழுக்கும் என்பது கடைப் பேச்சு. கரண்டை நிறுத்தினாலும் கெப்பாசிட்டர் அடிக்கும், பழக்கமில்லாதவர்கள் அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கையால் சுற்ற வரவில்லையா, துருதான். வளைகுடா நாடுகளில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் இது வாடிக்கை. உப்புத் தண்ணீர் உள்ளே நிற்க, இம்பெல்லர் வார்ப்பிரும்போடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு லாத்தாவிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை கொஞ்ச நேரம் ஓடவிடச் சொன்னால் இந்தச் செலவே வராது. அதேபோல மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் சொட்டுகிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் விலை கொஞ்சம்தான், விட்டால் உப்புநீர் பேரிங்கைப் பிடித்து, அங்கிருந்து காயிலுக்குப் போகும்.

இப்போது எனக்குக் கோபம் வருகிற விஷயம். அரை எச்.பி. மோட்டார் போட்ட வீட்டில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் பத்தாமல் போகும், உடனே ஒன்றரை எச்.பி. வாங்கி வைத்துவிட்டுக் கூப்பிடுவார்கள், "தண்ணி உப்பாயிருச்சு தம்பி, மோட்டார்ல ஏதும் கோளாறா?" என்று. மோட்டார் என்ன செய்யும்! கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர் கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைத்தால் கீழே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய மோட்டார் ஒரே மூச்சில் உறிஞ்சும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலே ஏறிவிடும், மோட்டாரை நிறுத்தினாலும் சீக்கிரம் இறங்காது. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால்தான் உண்டு.

அதனால் சின்ன மோட்டாரே இருக்கட்டும், காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று ஊற விட்டு இறையுங்கள், மேலே பெரிய தொட்டி வையுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டார் போட்டவுடன் ஒரு டம்ளர், நிறுத்தும் முன் ஒரு டம்ளர் பிடித்து அளந்து பாருங்கள், இரண்டாவது கூடிக்கொண்டே போனால் ஓடவிடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.