கெமோமில் செடி வைத்த பிறகு உடம்பு அரிக்கிறதா?

போன ஜனவரியில் ஐம்பது வயது அம்மா ஒருவர் வந்திருந்தார். கண் இமைகள் வீங்கி, கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தடித்திருந்தன. சோப்பு, கிரீம் எதையும் புதிதாக மாற்றவில்லை. "வீட்டுல செடி ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "மாடியில கெமோமில் போட்டிருக்கேன் டாக்டர், டீ போடுற வெள்ளைப் பூச்செடி. பூவைப் பறிச்சு ஹால்லயே பேப்பர் விரிச்சுக் காய வெக்கிறேன்." சில வருடம் முன்பு வயலில் பார்த்தீனியக் களை பிடுங்கியபோதும் இதேபோல் வந்து, தானாக அடங்கியதாம்.

ஓசூர்ப் பக்கம் தோல் மருத்துவம் பார்க்கிற எனக்குப் பார்த்தீனிய ஒவ்வாமை தினப்படி விஷயம். பார்த்தீனியம், சாமந்தி, சூரியகாந்தி, கெமோமில் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்று சேராத உடம்புக்கு மற்றதும் சேராமல் போகலாம். காய்ந்த பூவின் தூள் காற்றில் பறந்து, துணி மூடாத இடங்களில் படியும். மெல்லிய தோல் என்பதால் இமைதான் முதலில் வீங்கும். எது சேரவில்லை என்று பார்க்க, சந்தேகப்படும் பொருட்களை அந்த அம்மாவின் முதுகில் ஒட்டி வைத்தோம்; இதுதான் பேட்ச் டெஸ்ட். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது பார்த்தீனியம் வைத்த இடம் சிவந்து கொப்புளித்திருந்தது. அந்தப் பழைய ஒவ்வாமையைத்தான் அதே குடும்பத்துக் கெமோமில் தூள் கிளறிவிட்டிருக்கிறது.

அப்படி ஒவ்வாமை இல்லாதவர்கள் தாராளமாக வளர்க்கலாம். எனக்கும் பிரியமான செடி அது. லக்னோ பக்கம் வயலிலேயே பயிரிடுகிறார்கள். குளிர்தான் அதற்கு முக்கியம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் தை, மாசியில் பூ பார்க்கலாம். வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். விதை தூசி மாதிரி இருக்கும். மணலோடு கலந்து மண்மேல் தூவி, லேசாக அழுத்தினால் போதும். மண் போட்டு மூடினால் வெளிச்சம் கிடைக்காமல் முளைக்காது. தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. வெள்ளை இதழ்கள் படுக்கையாக விரிந்திருக்கும்போதே பறித்து, நிழலில் காய வையுங்கள்.

நர்சரியில் கெமோமில் என்று வேறு டெய்சிச் செடியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. பூ நடுவிலுள்ள மஞ்சள் மேட்டை பிளேடால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். டீக்குப் பயன்படும் ஜெர்மன் கெமோமிலில் உள்ளே கூடாக, காலியாக இருக்கும். கசக்கினால் ஆப்பிள் வாசம் வரும். பூக்கடைச் சாமந்தியை 'இதுவும் அதுதானே' என்று கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள். அது வேறு செடி, மருந்தடித்து மாலைக்காக வளர்த்தது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் கெமோமில் டீயைத் தொட வேண்டாம். கைக்குழந்தைக்கு வயிற்றுவலி என்று சங்கில் புகட்டவும் கூடாது.

அந்த அம்மா தொட்டிகளைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஹாலைத் துடைத்து, திரைச்சீலைகளைத் துவைத்து, மருந்தும் தடவியதில் மூன்றாவது வாரம் இமை பழைய நிலைக்கு வந்தது. இப்போது அதே மாடியில் அவருக்குத் துளசியும் ஓமவல்லியும்.