எஞ்சினை இறக்கும் முன் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்

மோட்டார் சைக்கிள் எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே இறக்கி ஏற்றத் தெரிந்தவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் செயினைக் கழற்றி, காபரேட்டரை விலக்கி, வயர்களுக்கு அடையாளம் கட்டி வேலையைத் தொடங்கினால், மாலையில் வேறு எஞ்சினுடன் உப்புவெளி வரை ஓட்டிப் பார்த்துவிடலாம். தொல்லை அதற்குப் பிறகுதான் வருகிறது. பதிவுச் சான்றிதழில் ஓர் எஞ்சின் இலக்கம் இருக்கும், வண்டியில் இன்னொன்று இருக்கும். கிண்ணியாப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவரின் வண்டி இந்தக் காரணத்துக்காகச் சோதனையில் மறிக்கப்பட்டு, மழையும் வெயிலும் பட்டுப் பொலிஸ் நிலைய வளவில் நின்றது. அந்த எஞ்சினை அவர் திருடவில்லை. காசு கொடுத்துக் கடையில்தான் வாங்கினார். கையில் பில்லும் இருந்தது. பில்லில் "எஞ்சின் - 1" என்று மட்டும் எழுதியிருந்தது.

சட்டம் சுருக்கமானதுதான். இலங்கையில் மோட்டார் வாகனங்கள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் பதியப்படுகின்றன. பதிவேட்டில் உள்ள விவரம் மாறினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்வது பதிவு உரிமையாளரின் பொறுப்பு. எஞ்சின் இலக்கம் அப்படியொரு விவரம், சி.சி. அளவு இன்னொன்று. எஞ்சினை முற்றத்தில் மாற்றினீர்களா கராஜில் மாற்றினீர்களா என்பது வேறு கதை.

முதலில் உங்களுக்கு எஞ்சின் மாற்றம் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். எஞ்சின் இலக்கம் எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க் கேஸில் அடிக்கப்பட்டிருக்கும். பல வண்டிகளில் இடப்பக்கம், கியர் மிதிக்கு அருகே. பிஸ்டன், போர், ஹெட், வால்வு, கிராங்க், கியர்ப் பெட்டியின் உட்பாகங்கள் என்று எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாலும் கிராங்க் கேஸ் பழையதாக இருந்தால் இலக்கம் மாறாது. எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. "பழுதுபார்ப்பதைவிட வேறு எஞ்சின் வாங்கினால் மலிவு" என்று சொல்பவர், அலுவலக அலைச்சலைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறார். கிராங்க் கேஸில் விரிசல் விழுந்திருந்தால் மட்டுமே வேறு எஞ்சினைப் பற்றி யோசியுங்கள். சிறு விரிசல் என்றால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், கவுண்டரில் எழும் முதல் கேள்வி "இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது?" என்பதுதான். பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் முடங்குகின்றன. வெளிநாட்டிலிருந்து இறக்கிய பாவித்த எஞ்சின் என்றால் அதன் சுங்கப் பத்திரம் வேண்டும், அந்தப் பத்திரத்திலோ அதனுடன் இணைந்த பட்டியலிலோ உங்கள் எஞ்சினின் இலக்கம் இருக்க வேண்டும். கடைக்காரர் பத்திரம் "பிறகு வரும்" என்பார். பிறகு வராது. காசு கொடுப்பதற்கு முன் பிரதியை வாங்குங்கள். பில்லில் எஞ்சின் இலக்கத்தை முழுமையாக எழுதி, கடையின் முத்திரை குத்தி, கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் எஞ்சின் வாங்க வேண்டாம்.

உள்ளூரில் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின் என்றால் சிக்கல் இரட்டிப்பு. அந்த இலக்கம் ஏற்கெனவே வேறொரு பதிவின் கீழ் இருக்கிறது. ஒரே எஞ்சினை இரண்டு பதிவுகளில் வைத்திருக்கத் திணைக்களம் விடாது. அந்த வண்டியின் பதிவுச் சான்றிதழும் அதன் பதிவு உரிமையாளரின் சம்மதமும் இல்லாமல் காரியம் நகராது. "விபத்தில் நொறுங்கிய வண்டி, ஆள் வெளிநாட்டில்" என்று விற்பவர் சொன்னால், அந்த எஞ்சின் உங்களுக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நட்டம்தான். திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த கண்ணி, விண்ணப்பிக்கும் ஆள் யார் என்பது. பதிவு உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த மாற்றப் படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறீர்களா? எங்கள் ஊரில் அதை 'ஓப்பன் பேப்பர்' என்று பெருமையாகச் சொல்வார்கள். திணைக்களத்தின் கண்ணில் வண்டி இன்னும் அவருடையது. முதலில் பெயரை மாற்றுங்கள், பிறகு எஞ்சினைத் தொடுங்கள். இந்த ஒழுங்கு தலைகீழானால், சான்றிதழோடு பொருந்தாத வண்டியைப் பெயர் மாற்றக் கொண்டுபோய் நிற்பீர்கள். லீசிங் முடியாத வண்டி என்றால் சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும், அவர்களின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். தவணை கட்டி முடித்தும் பெயரை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். அதையும் இப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி அலைச்சலுக்கு வருவோம். மக்கள் முதலில் போவது பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்துக்கு, ஏனென்றால் ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பது வழக்கமாகப் பிரதேச செயலகத்தில்தான். அந்த அனுமதிப்பத்திரம் மாகாண சபையின் வேலை. வாகனப் பதிவேடோ மத்திய அரசின் திணைக்களத்திடம் இருக்கிறது, தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில். இந்த வித்தியாசத்தை எந்த அலுவலகச் சுவரிலும் எழுதி ஒட்டி நான் பார்த்ததில்லை. அரைநாள் வரிசையில் நின்ற மூதூர்க்காரருக்கு ஜன்னலில் கிடைத்த பதில், "இது இங்கே இல்லை ஐயா." எங்கே என்று சொல்ல அந்த ஜன்னலுக்கு நேரமில்லை. ஆகவே பிரதேச செயலகத்தைத் தவிர்த்துவிட்டு, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், உள்ள மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் தொடங்குங்கள். வண்டியை இங்கேயே மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து அறிக்கை தருவாரா, விண்ணப்பத்தை இங்கே ஏற்பார்களா, கொழும்புக்கே போக வேண்டுமா என்று கேளுங்கள். கேட்டதை அப்படியே நம்பி இரவு பஸ் ஏறாதீர்கள். தேவையான ஆவணங்கள் எவை என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள், தருபவரின் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன பட்டியலில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தாள் கூடும்.

யாரும் எழுதித் தரவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. "எஞ்சின் மாற்றத்தைப் பதியத் தேவையான ஆவணங்களும் கட்டணமும் எவை" என்று தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவை அறிவிக்க வேண்டும். வாசலில் நிற்கும் தரகர் இதைவிட வேகமாக முடித்துத் தருவதாகச் சொல்வார். மூலச் சான்றிதழை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுப்பாரா என்று காத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இலக்கத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். பழைய இலக்கத்தைப் புதிய கேஸில் உளியால் அடித்துத் தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக் பாஸ்மாரும் இருக்கிறார்கள். அரைத்து அழித்தாலும், முதலில் அடித்த அடியின் அழுத்தம் உலோகத்துக்குள் தங்கிவிடும். அமிலம் பூசி அந்தத் தடத்தை வெளிக்கொண்டுவர அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குத் தெரியும். அதுவரை பதியாத எஞ்சினாக இருந்தது அதன் பிறகு குற்ற வழக்கு.

அதே சந்தேகம் குற்றமே செய்யாதவர் மீதும் விழும். நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்தில் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்று பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடுகிறது. இலக்கம் தெரியவில்லை என்று கம்பித் தூரிகையையோ மணல்தாளையோ எடுத்துத் தேய்க்கிறார்கள். இரண்டு எழுத்துகள் மழுங்கியதும் பரிசோதகர் முகம் மாறுகிறது. மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் தூரிகையும் போதும். கழுவி, காய்ந்த பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள், கைப்பேசியில் படமும் எடுங்கள். பழைய எஞ்சினுக்கும் இதைச் செய்யுங்கள். பதிவு திருத்தப்படும்வரை அந்தப் பழைய எஞ்சினை இரும்புக்காரருக்குப் போடக் கூடாது. அதன் இலக்கம் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

சி.சி. கூடினால் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். இலகு மோட்டார் சைக்கிள் வகுப்பு 100 சி.சி. வரைதான். 100 சி.சி. வண்டியில் 125 ஏற்றியவர் அந்த வகுப்பு அனுமதியுடன் ஓட்டினால், அனுமதி இல்லாத வகுப்பு வாகனம் ஓட்டியவர் ஆகிறார்.

திருத்திய சான்றிதழ் கையில் வந்ததும் ஜன்னலை விட்டு நகராதீர்கள். பென்சில் பிரதியை அருகில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். சுழியும் ஆங்கில ஓவும், எட்டும் ஆங்கில பீயும், ஒன்றும் ஆங்கில ஐயும் இடம் மாறிப் பதிவாவது சாதாரணம். அந்த இடத்திலேயே காட்டினால் திருத்துவார்கள். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் அது புதிய விண்ணப்பம். திருத்திய சான்றிதழின் பிரதியைக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கொடுத்து, காப்புறுதிச் சான்றிதழிலும் புதிய இலக்கத்தை ஏற்றச் சொல்லுங்கள். கொடுத்ததற்குத் திகதியிட்ட கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.